விட்டுக் குடுப்பம்

புளியந்தீவில், கோட்டைக்குப் பின்புறம் வாவியைப் பார்த்தபடி நின்ற ஒல்லாந்தர் காலத்து வீட்டின் முன்னறையை றவூப் வாடகைக்கு எடுத்தது 1934ஆம் ஆண்டு, மாரிமழை தொடங்கிய நேரத்தில். பிரக்கிராசி என்ற வழக்கறிஞராகச் சத்தியம் செய்து அதிக நாள் ஆகவில்லை. காத்தான்குடி நெசவுக் குடும்பமொன்றிலிருந்து சட்டம் படித்து வந்த முதல் ஆள். ஊரின் பெரிய பிரக்கிராசிமார் ஒருவரும் அவனைத் தங்கள் கந்தோரில் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியாகவே நடத்திக் காட்டுகிறேன் என்று பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டினான்.

வீட்டுக்காரி இராசாத்தி சாவியை நீட்டினாளே தவிர, வாசற்படியைத் தாண்டவில்லை.

"வல்லிபுரம் பிரக்கிராசியார் இருந்து செத்த அறை, தம்பி. கடைசிமட்டும் இஞ்சதான் தொழில் பார்த்தவர். உங்களுக்குப் பயமில்லாட்டி எனக்கென்ன?"

"கந்தோர் நடத்த வந்தவன் நான். பயப்பட நேரமில்ல," என்றான் றவூப்.

அறைக்குள் பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் வாவியின் சேற்று மணம். மூடினால் நனைந்த சுருட்டின் மணம் எங்கிருந்தோ கசியும். றவூப் சுருட்டுப் பிடிப்பவனல்ல.

முதலில் வந்தவர் அவனுடைய ஊர்க்காரர் அசனார். தறிக்கொட்டிலை அடாத்தாகப் பிடித்துக்கொண்ட மச்சான்மேல் வழக்கு வைக்கக் கொதித்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, அவன நான் விடமாட்டன். அவன்…"

வாய் திறந்தபடியே நின்றது. இமை அசையவில்லை.

பிறகு பேசினார். ஆனால் அது அசனாரின் குரல் அல்ல. வறண்டு களைத்த, படித்த ஒரு கிழவரின் குரல்.

"வேணாம். விட்டுக் குடுப்பம்."

எழுந்து மழைக்குள் நடந்து போய்விட்டார். மறுநாள் சந்தையில் கேட்டபோது, "நான் எப்ப வந்த? உங்கட கந்தோரை நான் இன்னும் கண்டதேயில்ல," என்று விழித்தார்.

பிறகு ஒரு மீன்காரர், ஒரு வண்டிக்காரர். எல்லாருக்கும் பாதிப் பேச்சில் அதே குரல், அதே சொல். மழை ஓயுமுன் றவூபிடம் ஒரு வழக்கும் மிஞ்சவில்லை.

"அவர் பெரிய காணிக்காரப் போடிமார்ட ஆள்," என்று இராசாத்தி விறாந்தையில் நின்று கிசுகிசுத்தாள். "இல்லாததுகள் ஆர் வந்தாலும் விட்டுக் குடு, விட்டுக் குடு எண்டே சொல்லி அனுப்புவார். சாகக்குள்ளயும் அந்தச் சொல்லுத்தான் வாயில."

அந்த வாரம் சித்தாண்டியிலிருந்து சீதேவிப்பிள்ளை வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள். கரடியனாற்று வட்டையில் தாய் சீதனமாகக் கொடுத்த வயலைப் புருஷனின் தமையன் கந்தப்போடி உழுது விதைத்துவிட்டு, கேட்கப் போனவளை வரம்பிலிருந்து தள்ளிவிட்டிருந்தார். கந்தப்போடி என்ற பெயரைக் கேட்டதுமே மற்றப் பிரக்கிராசிமார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சொன்னதையெல்லாம் அவள் விறாந்தையில் நின்றே சொன்னாள். வழக்குக்கு அதிகாரம் கொடுக்கும் கடதாசியில் கைநாட்டும் அங்கேயே வைத்தாள். முழு விபரம் எழுத உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தாள்.

சுருட்டு மணம் தடித்தது.

அவள் உதடு கோணியது. "வேணாம்…" என்றது கிழவரின் குரல்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். றவூப் பேனையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான்.

"அக்கா, இந்த அறை வேணாம். இதில இருந்து செத்த பிரக்கிராசியார்ட குரல் அது. எங்கட வீட்ட போய்க் கதைப்பம்."

அவள் மூச்சு வாங்கினாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அழவில்லை.

"வயல விட்டுட்டு ஓடு எண்டான் கந்தப்போடி. இப்ப கதிரைய விட்டுட்டு ஓடு எண்டு இந்தச் செத்த மனிசன் சொல்றான். நான் ரெண்டையும் விடமாட்டன் ஐயா. நீங்க ஓடுறதெண்டா ஓடுங்க."

உள்ளே போய் உட்கார்ந்தாள். றவூபும் போனான்.

விளக்குத் திரி தானாகத் தாழ்ந்தது.

அவள் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"விட்டுக்… குடுப்பம்…"

றவூபின் பிடரி குளிர்ந்தது. ஆனால் எதிரே அவள் விரல்கள் கதிரைக் கையை நகம் முறிய இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டான். உள்ளே அவள் எழும்பாமல் போராடிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து, நீதிமன்றத்தில் எழுவதுபோலக் கோட்டைச் சரிசெய்துகொண்டான்.

"நீங்க ஆர்? இந்த வழக்கில உங்களுக்கு என்ன உரித்து?"

வாவி அலைகூடக் கேட்கவில்லை.

"இவ கைநாட்டு வெச்சது எனக்கு. உங்களுக்கில்ல. இவக்காகக் கதைக்க உங்களுக்கு அதிகாரமில்ல. இவட வாய விடுங்க, வல்லிபுரத்தார்."

அவள் வாயிலிருந்து நீண்ட பெருமூச்சொன்று வந்தது. அதன் முடிவில் ஓர் இருமல். பிறகு அவளுடைய சொந்தக் குரல், உடைந்து, உரத்து:

"என்ட வயல் ஐயா! என்ட அம்மா… என்ட அம்மாட வயல்! எழுதுங்க!"

ஒரே மூச்சில் முழுவதையும் சொல்லி முடித்தாள். றவூப் எழுதினான். எழுதி முடிக்கும்வரை அவன் தோளுக்கு மேலால் யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. அவன் திரும்பவில்லை.

வழக்கில் கந்தப்போடிக்காக இரண்டு அப்புக்காத்துமார் வாதாட நின்றார்கள். இந்தப் பக்கம் றவூப் மட்டும். கூண்டில் ஏறிய சீதேவிப்பிள்ளை, அவர்கள் எப்படி மடக்கியும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வயல் அவளுக்கென்று தீர்ப்பானது. அடுத்த போகத்தை அவளே விதைத்தாள்.

அதன்பிறகு றவூபின் விறாந்தையில் ஆட்கள் நிறைந்தார்கள். சாட்சி சொல்வதுபோல ஒவ்வொருவரும் தங்கள் குரலிலேயே பேசினார்கள். பெரிய கந்தோர் ஒன்று அவனைக் கூப்பிட்டுக்கூட அனுப்பியது. அவன் போகவில்லை. அறைக்குப் புதிதாக வெள்ளையடித்தான்.

சுண்ணாம்பு காய்ந்த காலையில் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேசைக்குப் பின்னால், வெள்ளைச் சுவரில், ஈரம் ஊறியிருந்தது. ஒரு தலை. கூனிய இரண்டு தோள்கள். குனிந்து காது கொடுத்துக் கேட்கும் ஓர் உருவம்.

விறாந்தையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

றவூப் தன் கதிரையை இழுத்து அந்த ஈரத்தோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். "நீங்க கேட்டுக்கொண்டு மட்டும் இருங்க, வல்லிபுரத்தார்," என்றான்.

முதுகுக்குப் பின்னால் சுவர் மெல்ல மூச்சை இழுத்தது.

"வாங்க," என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டான். "உள்ள வந்து இருந்து சொல்லுங்க."