உதைக்காத காலின் ஷூ

"எல்லாரும் பந்தைப் பாக்கறாங்க. நீ எங்கேம்மா பாத்துட்டிருக்க?"

ரோவீனா டில்லார்டிடம் அவள் அப்பா ஒருமுறை கேட்ட கேள்வி இது. அப்போது அவள் சிறுமி. மைதானத்தின் ஒரு மூலையில் பந்துக்காகப் பத்துப் பேர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ரோவீனா எதிர் மூலையில் தலைக்கவசத்தின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்த ஒருவனைக் காட்டி, "அவன் இனிமே ஆட மாட்டான்பா" என்றாள். அவன் அன்று மறுபடி ஆடவில்லை.

இப்போது அவள் கேல்டன் கல்லூரிப் போலீஸில் சார்ஜென்ட். டிசம்பர் மாதச் சனிக்கிழமை. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், வட்டாரக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸ் சாம்பியன் யார் என்று முடிவாகும் ஆட்டம். முதல் பாதி முடிந்தபோது கேல்டன் பத்து, பிரையர் ஹில் பத்து. மழை நிற்கவே இல்லை.

மதியம் 1:34. உடைமாற்றும் அறையின் கார் நிறுத்தப் பக்கக் கதவில் நின்றிருந்த ரோவீனாவிடம், அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோமர் மூச்சிரைக்க வந்தார்.

"உள்ள வாங்க சார்ஜென்ட். ட்ராவிஸோட ஷூவைக் காணோம். இடது ஷூ."

உள்ளே ஈரப்புல்லும் வலித் தைலமும் கலந்த வாடை. ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக, ஆட்டத் திட்டம் வரைந்த பலகைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒவ்வொருவன் கணுக்காலிலும் இறுக்கிச் சுற்றிய வெள்ளை டேப், ஷூவுக்கு மேலே சேறு பூசித் தெரிந்தது. பலகை முன்னால் வேலை இல்லாதவர்கள், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்கள் இருவர் மட்டும்தான். ட்ராவிஸ் குவின்லன், அவன் ஆட முடியாமல் போனால் இறங்குவதற்காக எமிலியோ பராசா.

ட்ராவிஸ் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வலது காலில் பிடித்தாற்போல் சின்ன ஷூ. இடது கால் வெறுங்கால். ஈரத்தில் வெளுத்துச் சுருங்கிய தோல், துருத்திக்கொண்டிருந்த கணுக்கால் எலும்பு.

சாக்ஸ் நனைந்துவிட்டதால் ஷூவைக் கழற்றி வைத்ததாகவும், கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது போய்விட்டதாகவும் அவன் சொன்னான். அந்த நேரத்தில் பக்கத்தில் எமிலியோ மட்டும் இருந்தான். வேறு யாரும் உள்ளே வரவில்லை. ஒரு கதவில் ரோவீனா. மைதானச் சுரங்கவழியில் இன்னொரு போலீஸ்காரர்.

"திருடத் தெரியாத திருடன்" என்று தடியன் ஒருவன் சிரித்தான். "உதைக்கறது வலது கால். இடதை எடுத்துட்டுப் போயிருக்கான் பாரு."

ஹோமர் சிரிக்கவில்லை. நீளமான ஆணி திருகிய ஷூ அது ஒன்றுதான் என்றார். இந்தச் சேற்றில் ஊன்றும் கால் வழுக்கினால் உதைக்கும் கால் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை. வலது ஷூ போயிருந்தால் எதையாவது மாட்டி ஒப்பேற்றலாம்.

அதற்குள் பயிற்சியாளர் ஸ்டாம்பர் எமிலியோவின் பையைத் தலைகீழாகக் கொட்டிவிட்டார். துண்டு, ஜெபமாலை, அவன் அம்மா டெக்சஸிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த தாமாலே பொட்டலம். பொட்டலம் பிரிந்து மாவும் கறியும் தரையில் சிதறின. ஷூ இல்லை.

"ட்ராவிஸ் இறங்கலைன்னா யாருடா உதைப்பான்? நீதானே? எங்கடா வச்சிருக்க?"

"நான் எடுக்கல கோச்."

"ரெண்டாவது பாதி தொடங்கறதுக்குள்ள அது வரணும். வரலைன்னா உன் உதவித்தொகைய நிறுத்திடுவேன். உன் அப்பா அம்மா மேல கேலரியிலதானே உக்காந்திருக்காங்க? அவங்களோடயே பஸ் ஏறிடு."

"சாக்கர் ஆட்டத்துலேர்ந்து வந்தவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கறது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எமிலியோவின் காதுகள் சிவந்தன. அந்தப் பணம் இல்லாவிட்டால் அவனுக்குப் படிப்பு இல்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

1:41. ரோவீனா ட்ராவிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஷூவைக் கழட்டி எங்க வச்ச?"

"பெஞ்சுக்கடியில."

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"வீக்கம்?"

"ஒண்ணுமில்ல மேடம். ஷூ கிடைச்சா இப்பவே உதைப்பேன்."

அவள் எழுந்து, குப்பைப் பீப்பாயை எப்போது காலி செய்தீர்கள் என்று ஹோமரிடம் கேட்டாள். ஆட்டம் தொடங்கும் முன் என்றார். அவள் கையை உள்ளே விட்டாள். காகிதக் குவளைகள், ஆரஞ்சுத் தோல்கள். அவற்றுக்கடியில் காலின் வளைவு கலையாமல் நீளவாக்கில் வெட்டப்பட்ட ஒரு டேப் கட்டு. அதற்கும் கீழே, நீள ஆணிகளோடு, இடது ஷூ.



"ஆணியோட அருமை தெரிஞ்சவன்தான் எடுத்திருக்கான்" என்றாள் ரோவீனா. "அது ரெண்டு பேருக்குமே தெரியும். அதனால எமிலியோ மேல சந்தேகம் வந்துச்சு. ஆனா எல்லாரும் காணாமப் போன ஷூவையே பாத்தீங்க. காலை யாரும் பாக்கல. கோச், உங்க பசங்க டேப்பை எப்ப வெட்டுவாங்க?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம்" என்றார் ஸ்டாம்பர். சொன்ன பிறகுதான் அவர் கண்கள் ட்ராவிஸின் கணுக்காலுக்குப் போயின.

"சாக்ஸ் மாத்தறதுக்கு டேப்பை வெட்ட வேண்டியதில்ல. வலியில்லங்கறான், வீக்கமில்லங்கறான். ஷூ கிடைச்சா இப்பவே உதைப்பானாம். அப்படிச் சொல்றவன் கட்டை ஏன் வெட்டணும்? இவன் மனசுல ஆட்டம் அப்பவே முடிஞ்சிருச்சு. கை பழக்கத்துல வெட்டிருச்சு. ஷூவை நீதான் ஒளிச்ச, ட்ராவிஸ்."

ட்ராவிஸ் தலையாட்டினான். போன வருஷம் இதே ஆட்டத்தில், இதே மைதானத்தில், கடைசி உதையைக் கம்பத்துக்கு வெளியே அடித்தவன் அவன். மறுநாள் காலை அவன் வீட்டுக் கராஜ் கதவு முழுக்க ரசிகர்கள் ஊற்றிய சிவப்புச் சாயம்.

"அம்மா அதைத் தேச்சுக்கிட்டே இருந்தாங்க" என்றான் மெதுவாக. "இன்னைக்கும் கடைசி உதைக்குத்தான் வரும்னு முதல் பாதியிலயே தெரிஞ்சு போச்சு. என்னால முடியாது கோச்."

"அப்ப எமிலியோ பையைக் கோச் கொட்டினப்ப?" என்று கேட்டாள் ரோவீனா. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ட்ராவிஸ் வெறுங்காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டான்.

1:47. மேலே இடைவேளை வாத்தியங்கள் ஓய்ந்தன. ஸ்டாம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, ஆனது ஆச்சு. பராசா, நீ உதைக்கிற. கிளம்பு."

எமிலியோ தரையில் மண்டியிட்டிருந்தான். மாவில் ஒட்டியிருந்த ஜெபமாலையை எடுத்துத் துடைத்தான். துண்டை மடித்தான். நசுங்காமல் மிஞ்சிய தாமாலேக்களைப் பொட்டலத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"டேய், உன்னைத்தான். நேரமாச்சு."

எமிலியோ எழுந்து தன் அணிச் சட்டையையும் தோள்கவசத்தையும் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். ரோவீனாவின் கையிலிருந்த ஷூவை வாங்கி, அதன் நாடாவை முழுதாகத் தளர்த்தி, ட்ராவிஸின் வெறுங்காலுக்கு முன்னால், கால் நுழையத் தோதாக வைத்தான்.

ட்ராவிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டேப் உருளைக்காகக் கையை நீட்டினான்.

மைதானத்துக்குப் போகும் சுரங்கவழி வலப்பக்கம். எமிலியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடப்பக்கம், கார் நிறுத்தக் கதவை நோக்கித் திரும்பினான். ரோவீனா கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். அவன் மழையில் நின்ற கார்களுக்கு நடுவே நடந்து போனான்.