காலையில் மட்டும் மெதுவாக விழிக்கும் கணினி

அடித்தேனா, அடித்ததாக நினைத்துக்கொண்டேனா?

கருப்புத் திரையைப் பார்த்தபடி அவள் இதையே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். பொத்தானை அமுக்கி மூன்று நிமிடம் ஆகிவிட்டது. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. தம்பி பாகம் பாகமாக வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதுகொடிய உட்கார்ந்து, அக்காவுக்கென்று கட்டிக்கொடுத்த புத்தம்புது கணினி. வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் வாரம் சமர்த்தாக ஓடியது. பிறகு தினமும் காலையில் இந்தக் கூத்து.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. மாலையில் அன்றைய தேதியிட்ட கோப்புகளை மொத்தமாக அலுவலகத்துக்கு அனுப்புவாள். மூன்று வாரமாக, காலையில் அடித்த முதல் குறிப்பு மட்டும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. முழங்கால் வீங்கிய ஒரு பெரியவரைப் பற்றி அடித்தது நினைவிருக்கிறது. அல்லது நினைவிருப்பதுபோலத் தோன்றுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனக்கு எப்போது தெரியாமல் போனது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று கணவர் ஆறுதலாகவே சொன்னார். கணினியைப் பற்றி மட்டும் மச்சினனுக்கு ஃபோன் போட்டு, நீ கட்டின லட்சணம் இதுதான் என்றார். அதற்குப் பிறகு தம்பி பேசவே இல்லை. அலுவலகம் திங்கட்கிழமைக்குள் விளக்கம் கேட்டிருந்தது. ஞாபகம் சரியில்லாததால் வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். திரையில் வெளிச்சம் வந்திருந்தது. "வைரஸ்தான். சந்தேகமே இல்ல."

"போன வீட்டுலயும் அதைத்தான் சொன்னீங்க. அங்க எலி வயரைக் கடிச்சிருந்தது," என்றாள் அவர் மனைவி.

தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அவளை, கையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருப்பதால், எல்லோரும் திருப்புளி அக்கா என்பார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர், பையைத் தூக்கிக்கொண்டு அவள் போகும் வீடெல்லாம் கூட வருவார். போன வாரம் இந்தக் கணினி இரண்டு நாள் அவள் கடையில் இருந்தது. அங்கே கொண்டுபோய் மாட்டிய முதல் தடவை தவிர, ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நொடியில் விழித்து, கொண்டுபோனவளைப் பொய்க்காரி ஆக்கியது. அதனால்தான் அக்கா, சனிக்கிழமை காலை தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

இப்போது கணினியை அணைத்து மறுபடி போடச் சொன்னாள். பன்னிரண்டு நொடி. பட்டென்று வந்தது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து சுவரைப் பார்த்தாள். பிறகு, ராத்திரி இந்த வீட்டில் கடைசியாகப் படுக்கப் போவது யார் என்று கேட்டாள்.

வாசலில் கார் கீச்சென்று கத்திப் பூட்டிக்கொண்டது. வெளியே போயிருந்த வீட்டுக்காரர் உள்ளே வந்து, டேப் சுற்றிய சாவியை மேசைமேல் வைத்தார். அக்கா மறுபடி கேட்ட கேள்விக்குப் பெருமையோடு பதில் சொன்னார். படுக்கும் முன் வீடு முழுக்கச் சுற்றிச் சுவரில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பது அவர்தான். ஒரு சிவப்புப் பொட்டுகூட எரிய விடமாட்டார். பல வருடப் பழக்கம்.

"அப்ப முதல் வாரமும் அணைச்சீங்க. ஆனா அப்ப நல்லா ஓடியிருக்கு," என்றாள் அக்கா.

அவர் விழித்தார். அக்கா கோப்புகளின் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த ஆயிரக்கணக்கான கோப்புகளும் அதில்தான் இருந்தன. புதிது மேலே, பழையது கீழே. அக்கா சுட்டியைப் பிடித்துக் கீழே கீழே போனாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே தேதியில் பதினாறு கோப்புகள் வரிசையாக நின்றன. முதலாவதைத் திறந்தாள். முழங்கால் வீங்கிய பெரியவர்.

அதை அடித்தவள் இரண்டு முறை படித்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, அது எப்படி அங்கே போனது என்றுதான் விளங்கவில்லை.

"நீங்க எதையும் மறக்கலம்மா. கணினிதான் மறந்திருக்கு," என்றாள் அக்கா. "அணைஞ்சிருக்கும்போதும் அது ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும். இப்ப மணி என்ன, உள்ள என்னென்ன பாகம் மாட்டியிருக்கு. சுவர்ல கரண்ட் இருந்தா அதை வச்சு சமாளிக்கும். அதனாலதான் என் கடையில மாட்டினப்புறம் ஒழுங்கா இருந்தது, நான் சுவர்ல அணைக்கறதில்ல. கரண்ட் இல்லேன்னா, உள்ள ஒரு பொத்தான் பேட்டரி இருக்கு. இங்க ரெண்டும் இல்ல. தினமும் காலையில ஒவ்வொரு பாகத்தையும் புதுசா பழகிப் பாக்குது, அதான் நாலு நிமிஷம். கடிகாரமும் தயாரிச்சப்போ வச்ச பழைய தேதிக்குப் போயிடும். இணையம் வந்தப்புறம் தானே சரியாகும். அதுக்குள்ள நீங்க ஒரு கோப்பு முடிச்சிடறீங்க."

"அப்ப பேட்டரி திருட்டு," என்றார் பஸ் ஓட்டியவர், எழுந்து நின்று.

அக்கா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். பேட்டரி அதன் குழியில் இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் ஒட்டியிருந்தது ஒரு துண்டு டேப்.

"புதுக் கணினியில டேப் ஒட்டின பேட்டரி வராது. எதுலயோ ஆடிக்கிட்டு இருந்ததை இறுக்கறதுக்கு யாரோ ஒட்டியிருக்காங்க."

மேசைமேல் இருந்த, அதே டேப் சுற்றிய கார் சாவியை எல்லோரும் பார்த்தார்கள். அது செத்துப்போய், கணவர் ஒரு சாயங்காலம் முழுக்கக் கதவைக் கையால் திறந்து மூடியதும், மறுநாள் சாவி உயிரோடு கத்தியதும் அவளுக்கு நினைவு வந்தது. மூன்று வாரம் ஆகிறது.

"ரெண்டும் ஒரே அளவா இருந்தது," என்றார் அவர் மெதுவாக. "கரண்டுல ஓடற பொருளுக்குப் பேட்டரி எதுக்குன்னு நினைச்சேன்."

"செத்ததை ஏன் திருப்பி வச்சீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"குழி காலியா இருந்தா நல்லா இருக்காதேன்னு."

பஸ் ஓட்டியவர் சிரிப்பை அடக்கப் பையைக் குடைந்தார். அக்கா புது பேட்டரி ஒன்றை மாட்டிவிட்டு, சுவிட்சைத் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கிளம்பினாள்.

அவர்கள் போனபின் கணவர் நாற்காலியை இழுத்து அவளருகே உட்கார்ந்தார். தெரிந்து செய்யவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் மூன்று வாரம் தன் புத்தியைத் தானே சந்தேகித்துக்கொண்டு அவள் இந்த மேசையில் இருந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிதத்தைத் தேடி அழித்தாள். ஃபோனை எடுத்துத் தம்பியின் எண்ணைத் திறந்தாள்.

"இங்க பாரு," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வாங்கும்போதே பேட்டரி செத்திருந்ததுன்னு அவன்கிட்ட சொல்லிடேன். அவனுக்கு ஒண்ணும் குறையப் போறதில்ல. எனக்குத்தான் அவன் முகத்துல முழிக்க முடியாது."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் வரவில்லை, குரலும் உயரவில்லை.

"இல்லங்க. அதை நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.