எழுதுகிறவள் நிமிரக்கூடாது

அரை மணி நேரமாகத் தங்கை இருமவே இல்லை. அக்காவுக்கு அது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. நிமோனியா காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்து எழுந்தவளை, "ஒரு மணி நேரந்தாம்மா, பத்திரமா கூட்டிட்டு வந்துடுறேன்" என்று அம்மாவிடம் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள்.

நாலு பக்கமும் அடுக்குமாடிகள் எட்டிப் பார்க்கும் காட்டுப் பூங்கா அது. குளிர்காலப் பறவை, பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் நிமிர்ந்தால் கணக்கு தப்பிவிடும் என்பது அக்காவின் பிடிவாதம். குளக்கரையில் தங்கை பத்தடி முன்னால், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுக் குனிந்தவள்தான்.

"மீன்கொத்தி ஒண்ணு. நாரை ரெண்டு. பட்டாம்பூச்சி நாப்பது."

பேனா நின்றது. பனி இன்னும் விலகவில்லை. வெயில் ஏறாமல் பட்டாம்பூச்சி அசையாது என்பது தங்கைக்குத் தெரியாததா?

"தூங்கிட்டிருக்கா எல்லாம்?"

"முழிச்சாச்சு."

சேற்று வாடையும் அழுகிய இலை வாடையும் குளிரோடு சேர்ந்து மூக்கில் ஏற, மதிலுக்கு அப்பால் பேருந்துச் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் மங்க, அதற்கெல்லாம் அடியில் காய்ந்த காகிதங்களை யாரோ ஓயாமல் தேய்க்கிற மாதிரி ஒரு சரசரப்பு கேட்டுக்கொண்டிருந்தது. பறவைகள் எப்போது வாயை மூடின என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பட்டாம்பூச்சி நானூறு."

"விளையாடாதடி, விரல் மரத்துப்போச்சு."

"எழுதுக்கா."

எழுதினாள்.

"மனுஷங்க ஒண்ணு."

பூங்காவுக்கு வருகிறவர்களையும் எண்ணுவது வழக்கம்தான். ஆனால் இங்கே இருப்பது இரண்டு பேர்.

"என்னையா எண்ணினே, உன்னையா?"

அப்போதுதான் உறைத்தது. பெஞ்ச் முன்னால் இருக்கிறது. குரல் பின்னாலிருந்து வருகிறது.

நிமிர்ந்தாள்.

பெஞ்சில் தங்கை. ஸ்வெட்டர், கழுத்து, கன்னம் முழுக்கச் சருகு நிறத்தில் மூடிய இறக்கைகள். வாய் திறந்திருந்தது. உள்ளேயும் இறக்கைகள். கண்கள் மட்டும் வெளியே. உயிரோடு. வழிந்த கண்ணீரை ஒரு பட்டாம்பூச்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கண்கள் அக்காவின் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

"எழுதிட்டியாக்கா?" காதோரம், தங்கையின் குரல்.

திரும்பிப் பார்க்கப் போனாள். பெஞ்சில் இருந்தவளின் தலை மெல்ல, வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது.