இன்னும் ஒரு மடிப்பு

படத்தில் முந்தின நாள்வரை மூடியிருந்த வாய், காலையில் லேசாகத் திறந்திருந்தது. வைபிராந்த் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். லைடன் நகரமே மெச்சும் ஓவியனுக்கு இப்படி ஒரு பிசகா? ஒரு பொட்டு வண்ணம் வைத்து உதடுகளை மூடினான்.

படத்தில் துருக்கிக் கம்பளம், வெள்ளிக் கூஜா, பாதி உரித்த எலுமிச்சை, சாம்பல் நிறப் பட்டு அங்கியில் ஒரு சீமாட்டி. சீமாட்டியாவது! அவன் வீட்டு வேலைக்காரி லைஸ்பெத்தான் அவள். போன மாதம் செத்துப்போனாள். காய்ச்சல் என்று ஊரை நம்பவைத்திருந்தான். பட்டின் மடிப்புகள் மட்டும் பாக்கி. அதற்காக மகள் மாக்டெல்ட் அதே அங்கியைப் போட்டுக்கொண்டு, குளிருக்குக் காலடியில் கரி கனலும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஈர வண்ணத்தில் தூசு ஒட்டினால் ஒரு வார வேலை பாழ். வழக்கம்போல ஜன்னல் இடுக்கையும் கதவிடுக்கையும் ஈரத்துணியால் அடைத்திருந்தான். அரை மணி நேரம்தானே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டான்.

"லைஸ்பெத் எப்படித்தான் ஆடாம உக்காந்தாளோ! நான் என்ன மரக்கட்டையாப்பா?"

"வாயடிக்காதே. மடிப்பு கலையுது."

எப்படி உட்கார்ந்தாள் என்று அவனுக்குத் தெரியும். அன்றும் இதே அடைத்த அறை, இதே கரிப்புகை. அவள் தலை சாய்ந்ததைப் பார்த்தான். கூப்பிட்டான், பதில் இல்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்திருக்கலாம். ஆனால் பட்டு அன்றுதான் முதன்முறையாக அசையாமல் இருந்தது. வெளிச்சம் போகும்வரை வரைந்துவிட்டுத்தான் எழுந்தான், பாவி.

கரிவாடையும் வண்ணத்தில் குழைத்த ஆளிவிதை எண்ணெய் மணமும் தொண்டையில் கனத்தன. உறைந்த கால்வாயில் சறுக்கி விளையாடுபவர்களின் சிரிப்பு எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. அது அடங்க அடங்க, படத்திலிருந்து யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்டது.

"அப்பா... தலை என்னமோ பண்ணுது. ஜன்னலைத் தொறக்கவா?"

திற, திறந்துவிடு என்று நெஞ்சு கதறியது.

"கொஞ்சம் பொறும்மா. இன்னும் ஒரு மடிப்பு" என்றது வாய்.

மாக்டெல்ட் பேசவில்லை. பட்டு அசையவில்லை.

எழுந்திரு. ஜன்னல். மகள்.

கால் நகரவில்லை. தூரிகையைப் போட்டுவிடப் பார்த்தான். விரல் விரியவில்லை. அவன் கைமேல் இன்னொரு கை இருந்தது. சில்லிட்ட கை, பாத்திரம் துலக்கிக் காய்த்துப்போன கை. கொஞ்சமும் அவசரமில்லாமல் அது அவன் கையைப் பிடித்து, மகளின் மடியில் கிடந்த பட்டை மடிப்பு மடிப்பாக வரைந்துகொண்டிருந்தது.