ஐம்பத்தொரு திங்கட்கிழமைகள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சலவைச் சட்டையோடு நான் பேர்கன் நகரச் சாட்சிக்கூடத்தில் இருப்பேன். பதினாறு ஆண்டுகளில் ஒரு வாரமும் தவறியதில்லை. செவிப்பொறியை மாட்டுவார்கள். புதிய பாடல் ஒலிக்கும். "இது என் மகள் ஆரணியின் குரல்" என்று சொல்லிக் கட்டைவிரலை வைப்பேன். பச்சை விளக்கு எரியும். மாலைக்குள் நோர்வே முழுவதும் அந்தப் பாட்டைப் பாடும். வாரம் ஒரு பாட்டு தராத பாடகர்களை இந்த நாடு மறந்துவிடுகிறது.

குரல்நகலிகள் பெருகிய பிறகு, மனிதர் பாடியதையும் இயந்திரம் பாடியதையும் எந்தக் கருவியாலும் பிரிக்க முடியவில்லை. ஆகவே சட்டம், பாடகரைப் பெற்றவர்களின் காதை நம்பியது. உறவுச்சாட்சி என்று பெயர். உறவு மறுத்தால் பாடல் வெளிவராது. இசை நிறுவனத்தோடு பாடகருக்குள்ள ஒப்பந்தமும் அன்றோடு முடியும். எங்கள் குடும்பத்தில் எவரும் பொய்ச்சாட்சி சொன்னதில்லை. என் சொல்லில்தான் ஆரணியின் புகழ் நிற்கிறது என்ற கர்வம் எனக்கு உண்டு.

சில மாதங்களாக ஒரு சந்தேகம் அரித்தது. ஆரணி தொலைபேசியில் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் கழுத்தில் சால்வை, கையில் வெந்நீர், தலையசைப்பு. 'தொண்டைக்கு ஓய்வு' என்று எழுதிக் காட்டுவாள். குடிக்கிறாளோ, எவனையாவது மறைக்கிறாளோ, குடும்பப் பெயர் செய்தியில் வந்துவிடுமோ என்றுதான் என் புத்தி போயிற்று. அவள் சால்வையை மோந்துகூடப் பார்த்தேன். பாட்டை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது முன்னைவிட நன்றாகவே இருந்தது.

இந்தத் திங்கள் அவளே கூடத்துக்கு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். பாடல் முடிந்து நான் வாயெடுத்தபோது என் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"என்ன பிள்ளை? என்னத்தை ஒளிக்கிறாய்? வாயைத் திறந்து சொல்லு."

திறந்தாள். தகரத்தில் மணல் உரசுவது போல ஒரு சத்தம் வந்தது.

"ஒப்பரேசன், அப்பா. போன வருசம். இனிப் பாட ஏலாது."

"அப்ப இது ஆர்?"

"கொம்பனியின்ர நகலி. அம்பத்தொரு திங்கட்கிழமையா அதுதான் பாடுது. நானாச் சொல்லக்கூடாதெண்டு ஒப்பந்தம். ஆரும் கேட்டால் சொல்லலாம். நீங்கள் கேக்கவே இல்லை."

"எனக்கெப்பிடித் தெரியும்? அச்சொட்டா உன்ர குரல்!"

"உச்சத்துக்குப் போக முன்னம் எச்சில் விழுங்குவன். மாடு விழுங்குறமாதிரி எண்டு ஏசுவீங்களே. நகலியில அந்தச் சத்தத்தை இல்லாமப் பண்ணச் சொன்னது நான்தான். முதல் கிழமையே பிடிச்சிடுவீங்கள் எண்டு நினைச்சன்."

முதல் வாரமே கவனித்திருந்தேன்.

"நீ திருந்திட்டாய் எண்டு நினைச்சன்," என்றேன்.

"நாப்பத்தொரு வயசிலயோ?"

அதிகாரி தூர்பியோன் மேசையைத் தட்டினார். "ஐயா, உங்கள் சாட்சி?"

"இது என் மகள் குரல் அல்ல."

சிவப்பு விளக்கை அன்றுதான் பார்த்தேன். அவர் பழைய பதிவேட்டைத் திறந்தார். "சென்ற வாரப் பாடல்?"

ஆரணியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நான் இத்தோடு எழுந்திருந்தால் என் பெயர் தப்பும். அந்த நகலியின் பழைய பாட்டுகள் மட்டும் அவள் பெயரில் என்றைக்கும் ஒலித்துக்கொண்டிருக்கும். அவற்றையும் மறுத்தால் நகரச் சுவரில் ஒளிரும் பொய்ச்சாட்சிப் பட்டியலில் நான்.

முதுகை நிமிர்த்தினேன்.

"அதுவும் அல்ல. ஐம்பத்தொன்றும் அல்ல. என் பெயரை முழுதாக எழுதுங்கள். தகப்பன் பெயரையும் சேர்த்து."

பக்கத்தில் எச்சில் விழுங்கும் அந்தச் சத்தம் கேட்டது. நான் கண்டிக்கவில்லை.