இல்காவின் இடத்தில்

மிண்டியின் பனிக்காலணிகள் அன்றும் ஆற்றங்கரையில் இருந்தன.

குப்பையைக் கொட்டப் பின்பக்கம் போன டாரலின் ஆல்ரெட் வேலிக்கு அப்பால் அவற்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஊதா நிறக் காலணிகள் இரண்டும் ஒட்டி வைக்கப்பட்டு, முனைகள் தண்ணீரைப் பார்த்திருந்தன. நாடாக்கள் ஒழுங்காக உள்ளே செருகப்பட்டிருந்தன. அந்த ஒழுங்குதான் பொருந்தவில்லை. மிண்டிக்குப் பதினான்கு வயது, எதையும் கழற்றிய இடத்திலேயே உதறிவிட்டுப் போகிற பெண். வீட்டிலிருந்து கரைவரை பனியில் காலணித் தடங்கள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் மிண்டி சமையலறையில்தான் இருந்தாள். ரொட்டியில் பீச் ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ஜீன்ஸின் விளிம்பிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குடி ஆத்தங்கரைக்குப் போனே?"

"நான் எங்கயும் போகலையேம்மா. கணக்குப் போட்டுட்டு இருந்தேன்."

"காலப் பாரு."

மிண்டி குனிந்து பார்த்தாள். வெறுங்காலின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. யாருடையவோ கால்களைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குளிருதும்மா" என்றாள்.

டாரலின் துண்டை எடுத்து அவள் பாதங்களைச் சூடு பறக்கத் தேய்த்தாள். அப்போதுதான் அந்த வாடை மறுபடியும் வந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறு மலையில் பனி உருகி வருவது, கல்லின் வாசனையைத் தவிர அதற்கு வேறு வாசனை கிடையாது. இது அதுவல்ல. நிலக்கரிப் புகையும் படகு எண்ணெயும் ஊறிப்போன கயிறும் கலந்த, பெரிய நகரத்துக்கு நடுவே போகிற பெரிய ஆற்றின் வாடை. யூட்டாவின் அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் அப்படி ஓர் ஆறு கிடையாது.

கணவன் கெல்வின் லாரியோடு நெவாடா பக்கம் போயிருந்தான். போனில் கிடைத்தபோது, "வயசுக் கோளாறு, திட்டாதே" என்றான். டாரலின் சரி என்று வைத்துவிட்டாள். ஆலயத்தில் நடந்ததை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பெயர் தேடுவதில் அவர்கள் சபையில் டாரலினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஞானஸ்நான முழுக்குப் பெறாமல் இறந்துபோனவர்களின் பெயர்களைப் பழைய பதிவுகளிலிருந்து தோண்டியெடுத்து, உயிரோடிருக்கும் ஒருவரை அவர்களுடைய இடத்தில் நிறுத்தி, ஆலயத்துத் தொட்டியில் முழுக்குவது மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழக்கம். அப்போதுதான் மறுமையில் குடும்பம் பிரியாமல் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. டாரலின் தன் வம்சத்தை டென்மார்க் வரை துரத்திப் பிடித்து முடித்துவிட்டாள். முடிந்ததும் கை அரித்தது. ஊருக்கு நல்லது செய்வதில், அதுவும் ஊருக்குத் தெரியாமல் செய்வதில், அவளுக்கு ஒரு ருசி உண்டு.

அடுத்த வீட்டில் வெரா சான்டோ இருந்தாள். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், புடாபெஸ்டிலிருந்து வந்த யூதப் பெண். வேலிக்கு மேலாக டாரலின் வீட்டு ரொட்டி அந்தப் பக்கமும், வெரா சுட்ட கசகசா ரோல் இந்தப் பக்கமும் வருடக்கணக்காகப் போய் வந்தன. "உங்க சொர்க்கத்துல காபி கிடையாதாமே. அப்ப எனக்கு அங்க என்ன வேலை?" என்று, காபி தொடாத டாரலினை வெரா சீண்டுவாள். ஒரே ஒருமுறைதான் சீண்டாமல் பேசினாள்.

"என் ஆளுங்க பேர்ல மட்டும் கை வைக்காதே டாரலின்."

"அது வெறும் அழைப்புதான் வெரா. பிடிக்கலைன்னா அவங்க வேண்டாம்னு சொல்லிடலாம். மறுக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு."

"கை வைக்காதே" என்றாள் வெரா மறுபடியும்.

போன குளிர்காலத்தில் வெராவுக்கு நிமோனியா வந்தது. டாரலின்தான் சூப் வைத்துக் கொடுத்து, இரவுபகலாய்க் கூட இருந்தாள். காய்ச்சலின் பிதற்றலில் வெரா ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். இரட்டைச் சடை போட்ட, சிரிப்பை அடக்கத் தெரியாத ஒரு சிறுமி. "என் அக்கா இல்கா. பதிமூணு வயசு. சண்டையப்ப ஆத்துல போயிட்டா." அந்த முகம் டாரலினை விடவில்லை. அந்தப் பெண் எங்கோ இருட்டில் யாருமில்லாமல் நிற்கிறாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு தாங்கவில்லை. உலகப் போரில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை, சொந்தச் சந்ததியாக இல்லாதவர்கள் கொடுக்கக்கூடாது என்று சபைத் தலைமை கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. உறவுமுறை கேட்ட இடத்தில் டாரலின் பொய் எழுதினாள். அண்டை வீடும் உறவுதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பெண்களின் பெயர் இளஞ்சிவப்பு அட்டையில் அச்சாகி வரும். போன வாரம் சபை இளைஞர்கள் ஆலயத்துக்குப் போன அன்று, இல்காவின் அட்டையை அவள் மிண்டியின் கையில் கொடுத்தாள். பன்னிரண்டு கல் எருதுகளின் முதுகில் அமர்ந்த அந்தத் தொட்டியில், வெள்ளை உடுப்போடு மிண்டி இடுப்பளவு நீரில் நின்றாள். முழுக்குக் கொடுப்பவர் வலது கையை உயர்த்தி இல்காவின் பெயரைச் சொல்லி அவளைப் பின்பக்கமாய்ச் சாய்த்து அமிழ்த்தினார். ஒரு விரல் நுனி வெளியே தெரிந்தாலும் அது செல்லாது, மறுபடி செய்ய வேண்டும். மிண்டியின் இடது கை வெளியே நின்றது. இரண்டாம் முறையும் நின்றது. கை மிதக்கவில்லை. மேலே யாரோ பிடித்திருப்பதுபோல விறைத்து, மணிக்கட்டு மடங்கி நின்றது. மூன்றாம் முறை அவர் அந்தக் கையைத் தன் கையால் பற்றி அழுத்தித் தண்ணீருக்குள் கொண்டுபோனார். சாட்சிகள் தலையசைத்தார்கள். செல்லும்.

உடை மாற்றும் அறையில் மிண்டியின் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு இருந்தது. "மேல யாரோ இருந்தாங்கம்மா. என்னோட கைய விடல" என்றாள். டாரலின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, பயத்தில் அப்படித்தான் தோன்றும் என்றாள். அந்தக் கோடு இன்னும் மறையவில்லை. மறுநாள் சாயங்காலம் முதன்முறையாகக் காலணிகள் ஆற்றங்கரைக்குப் போயின.

இதற்குமேல் தாங்காது என்று டாரலின், சபையை நடத்தும் பிஷப்புக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர், வார நாளில் ஜன்னல் கண்ணாடி போடும் தொழில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீண்ட பெருமூச்சு விட்டார்.

"பொய் எழுதினது பெரிய தப்பு, சிஸ்டர் ஆல்ரெட்."

"தெரியும். அதை அழிச்சிடலாமா?"

"பதிவுல இருந்து எடுக்கச் சொல்லி எழுதறேன். ஆனா பொண்ணு தண்ணிக்குள்ள போயிட்டு வந்தாளே, அதை எப்படி எடுக்கறது?"

பிறகுதான் வெராவின் கதவைத் தட்டினாள். வெறுங்கையோடு போக மனம் வராமல் ரொட்டியை எடுத்துக்கொண்டு போனது எவ்வளவு மடத்தனம் என்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது. காலணி, வாடை, மேலே நின்ற கை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். வெரா அசையாமல் கேட்டாள்.

"என் தலையிலயும் தண்ணி ஊத்தினாங்க, தெரியுமா? கன்னியாஸ்திரிங்க மடத்துல. உயிர் பிழைக்க. எனக்கு ஒம்பது வயசு. அந்தத் தண்ணிக்கு நான் நன்றி சொல்லணும், சொன்னேன். ஆனா இல்கா உங்ககிட்ட என்ன கேட்டா?"

"அன்பாலதான் செஞ்சேன் வெரா. அவ மறுத்திருக்கலாமே."

"பதிமூணு வயசுப் பொண்ணு. யூதருங்கள வேட்டையாடின பச்சைச் சட்டைக்காரனுங்க எங்க ஊரு டான்யூப் ஆத்தங்கரையில நிக்க வச்சு ஷூவக் கழட்டச் சொன்னானுங்க. ஷூவுக்கு விலை இருந்துச்சு, அவளுக்கு இல்ல. அவகிட்ட கேக்காம அவள ஒரு தடவை தண்ணியில தள்ளினாங்க. இப்ப நீங்க. கை வெளிய நின்னுதுன்னு சொன்னியே, அதுவும் ரெண்டு தடவை. மறுக்கறதுன்னா வேற எப்படி இருக்கும்னு நினைச்சே?"

வெரா கதவைச் சாத்திவிட்டாள். ரொட்டி டாரலின் கையிலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானத்திலிருந்து பனி கொட்டியது. பள்ளத்தாக்குச் சாலையை மூடிவிட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் நீலமாகும் நேரத்தில்தான் மிண்டி தன்னை அறியாமல் எழுந்து போவது வழக்கம். அதற்கு முன்பே டாரலின் கதவுகளைப் பூட்டினாள், பின்கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதுவும் போதாதென்று தன் குளியலங்கியின் இடுப்புப் பட்டையை எடுத்து, மிண்டியின் இடது மணிக்கட்டைத் தன் வலது மணிக்கட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"என்னம்மா, கன்னுக்குட்டியக் கட்டற மாதிரி கட்டறே?"

"நீ எங்க போனாலும் நானும் வருவேன்."

"பாத்ரூமுக்குமா?"

இருவரும் சிரித்தார்கள். நாலைந்து நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. மிண்டி அம்மாவின் தோளில் சாய்ந்து சோபாவிலேயே தூங்கிப்போனாள். அவள் மூச்சு டாரலினின் கழுத்தில் சூடாகப் பட்டது. தான் பெற்ற பெண்ணின் கனம், அது தன்னோடு கட்டியிருக்கிறது, எதுவும் கொண்டுபோக முடியாது. டாரலினுக்கு அழுகை வந்தது. அடுப்பில் கட்டை சரிந்தது. ஜன்னல் நீலமாகத் தொடங்கியது.

போன் மணி அடித்தது. கூடத்தின் மறுகோடியில் இருந்தது போன். எழுந்தால் மிண்டி விழித்துவிடுவாள் என்று டாரலின் எழவில்லை. மணி ஓய்ந்து ஆன்சரிங் மெஷின் எடுத்தது. வெராவின் குரல்.

"டாரலின். நேத்து பாதியில கதவச் சாத்திட்டேன். உன் மேல இருக்கிற கோவம் போகல, போகவும் போகாது. ஆனா உன் பொண்ண நினைச்சா இருப்புக் கொள்ளல. கை மேல நின்னுதுன்னியே. அது ஏன்னு சொல்லாம விட்டேன்." மூச்சு வாங்கும் ஓசை. "அவங்கள ரெண்டு ரெண்டு பேரா கட்டினானுங்க. கையோட கைய, கம்பியால. ஒருத்தரச் சுட்டா போதும், இன்னொருத்தர் தானா தண்ணிக்குள்ள போயிடுவாங்க, குண்டு மிச்சம். பக்கத்துல நின்ன ஒருத்தன் கம்பி நழுவி நீந்தித் தப்பிச்சான், அவன்தான் வந்து சொன்னான். இல்காவ எங்கம்மாவோட கட்டியிருந்தாங்க. எங்கம்மா மார்கித். நான் டார்ச் எடுத்துட்டு அங்க வர்றேன். நான் வர்ற வரைக்கும் உன் பொண்ணு பக்கத்துலயே போகாதே."

மெஷின் நின்றது.

டாரலின் தன் வலது கையைப் பார்த்தாள்.

இடது கை விரல்களால் முடிச்சை நெம்பினாள். துணிதான், அவள் போட்ட முடிச்சுதான். நெகிழவில்லை. நனைந்திருந்தது. மெலிந்திருந்தது. விரலில் ஏதோ கீறியது. பட்டையைத் தடவினாள், சில்லென்று இரும்பு தட்டுப்பட்டது.

அந்த வாடை. புகை, எண்ணெய், ஊறிய கயிறு.

"மிண்டி. எழுந்திரு. மிண்டி."

மிண்டி எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் மூடியிருந்தன.

"ஷூவக் கழட்டச் சொல்றாங்கம்மா."

"யாரு?"

மிண்டி எழுந்தாள். டாரலினும் எழுந்தாள். எழ வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. நாற்காலி வழியில் இல்லை. கதவு திறந்தே இருந்தது. வாசலில் இருந்த காலணிகளில் அவள் கால்கள் நுழைந்தன. பனி முகத்தில் அடித்தது. நட, நட என்று யாரும் சொல்லவில்லை. நடந்தாள். வேலியைத் தாண்டினார்கள். எதிர்க்கரையில் சோளக்காடு இருக்க வேண்டும். அங்கே உயரமான வீடுகள் நின்றன, ஒரு ஜன்னலிலும் விளக்கில்லை.

குனிந்தாள். கழற்றினாள். ஒட்டி வைத்தாள். நாடாக்களை உள்ளே செருகின அவள் விரல்கள். பக்கத்தில் மிண்டியின் ஊதாக் காலணிகள்.

வெறுங்காலுக்கு அடியில் பனி. பனிக்கு அடியில் கல்.

முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். வலது கையை உயர்த்தும் அசைவு நிழலாய் நீரில் தெரிந்தது. ஒரு குரல், ஆலயத்தில் சொல்வது போலவே, அவசரமில்லாமல், பெயரைச் சொன்னது.

இல்கா சான்டோ.

பிறகு இன்னொன்று. டாரலின் எந்தப் பதிவிலும் தேடாத, யாருக்கும் எழுதிக் கொடுக்காத பெயர்.

மார்கித் சான்டோ.

வேண்டாம் என்று சொல்ல டாரலின் வாயைத் திறந்தாள். அழைப்புதானே, மறுக்கலாம், மறுக்கிற உரிமை இருக்கிறது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தூரத்தில் வெராவின் டார்ச் வெளிச்சம் பனியில் தடுமாறித் தடுமாறி வந்தது. கரையில் இருந்த காலணிகள் மேல் விழுந்து, அங்கேயே நின்றது. இரண்டு ஜோடி.

மிண்டியோடு கட்டியிருந்த டாரலினின் வலது கை தானாக உயர்ந்து, தண்ணீரை நோக்கி நீண்டது.