நாற்பத்தோரு முறை

இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை அதிர்ந்தபோது மைக்செட்காரர் மேடையோரத்தில் இரண்டு கைகளாலும் ஒரு நீள வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதிர்வை அனுப்ப வேண்டிய அவருடைய போன் பின்னால் மேசைமேல் குப்புறக் கிடந்தது. பேச்சாளர் இரண்டையும் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை.

பத்து நிமிடம் மிச்சமென்றால் ஒரு துடிப்பு, ஐந்து என்றால் இரண்டு, நேரம் முடிந்தால் நீளமாக ஒன்று. காலையில்தான் பேசி வைத்துக்கொண்டார்கள். "நான் அமுக்கினா உங்க கையில தெரியும் சார். அப்புறம் எனக்குத் தெரியலன்னு சொல்லக்கூடாது" என்று மைக்செட்காரர் சிரித்திருந்தார். ஊரறிந்த விஷயம் அது. நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பாடம் நடத்த வரும் மனிதர், அடுத்தவர் நேரத்தில் முக்கால் மணியாவது தின்னாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார்.

இப்போது வந்தது இரண்டு குட்டைத் துடிப்பு, ஒரு நெட்டைத் துடிப்பு. அப்படி அழுத்துகிறவள் ஒருத்திதான் இருந்தாள்.

பட்டையை வாங்கிக் கட்டிவிட்டதே மனைவிதான். அவர் பேச்சை வீட்டிலிருந்தே போனில் நேரலையாகப் பார்ப்பாள். திரைக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் எத்தனை தூரத்தில் இருந்தாலும் அவர் மணிக்கட்டில் அதிரும்.

"அதிர்ந்தா நிறுத்திடணும். சரியா?"

"நான் என்ன ஸ்கூல் பையனா?"

"பையனா இருந்தா பெல் அடிச்சதும் வீட்டுக்கு ஓடி வந்திருப்பீங்களே!"

நான்கு மாதம் முன்பு ஒரு மேடையில் அதே பட்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் வலது உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, "வீட்டுக்காரம்மா மணி அடிக்கிறாங்க, இன்னும் ஒரே ஒரு கதை" என்றார். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு கதை சொன்னார். குளியலறைத் தரையில் அவள் பக்கவாதம் வந்து விழுந்து கிடந்தாள். நாக்கு எழவில்லை, ஒரு பக்கம் முழுக்கச் செத்துவிட்டது, கட்டைவிரல் ஒன்றுதான் அசைந்தது, கையிலிருந்த போனில் அவர் முகமும் அந்தப் பொத்தானும்தான் திறந்திருந்தன. அரை மணி முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். மகள் அம்மாவின் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "நாப்பத்தோரு தடவைப்பா" என்றாள். அதன்பின் அவரோடு அவள் பேசவே இல்லை.

அந்தப் போனை அணைத்து பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

மறுபடி இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஒலிபெருக்கியில் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. குளிரூட்டியின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம் வந்தது, ஈரத் தரையின் வாடையும் சோப்பு மணமும் மேடைவரை ஏறி வந்தன. முன்வரிசைக்காரர்கள் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. மூன்றாவது. நான்காவது. வலது கை தானாகப் பட்டையை மூடப் போனது. அந்தக் கையை அவர் வெறுத்தார்.

ஐந்தாவது அதிர்வில் பாதி வாக்கியத்தோடு பேச்சை நிறுத்திவிட்டு இறங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்கு முன்பே. அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"சார், இன்னும் இருபது நிமிஷம் இருக்கே!" என்றார் மைக்செட்காரர்.

"கூப்பிடறா" என்றார்.

படிக்கட்டில் பட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். வெறும் மணிக்கட்டு அதிர்ந்தது. பன்னிரண்டு.

காரில் ஏறினார். உச்சி வெயில். சாலையில் எல்லோரும் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் நாற்பத்தொன்றுக்குள் போய்விட்டால், இந்த முறையாவது போய்விட்டால், அந்தக் கதவைத் திறந்து அவளைத் தூக்கிவிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கில் இருபத்திரண்டு. அடுத்த விளக்கில் அவர் நிற்கவில்லை. துடிப்பு பலம் குறைந்துகொண்டே வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் குறைந்தது. பேட்டரி தீர்கிறது என்று அன்று நினைத்திருந்தார்.

வாசல் கேட். முப்பத்தேழு.

வீட்டுச் சாவி பூட்டில் நுழைய மறுத்தது. முப்பத்தெட்டு.

கூடம். பீரோ திறந்து கிடந்தது. முப்பத்தொன்பது.

"வந்துட்டேன்மா! இதோ, வந்துட்டேன்!"

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நாற்பது. தள்ளினார்.

உள்ளே யாரும் இல்லை. ஈரத் தரையில் அவள் போன் மட்டும் வெளிச்சமாகக் கிடந்தது. அவர் குனிந்து எடுத்தார். நாற்பத்தொன்று, அவ்வளவு மெலிதாக, தோலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வந்து நின்றுபோனது.

"தப்பு என்மேலதான்மா" என்று சொல்லப் பார்த்தார். நாக்கு எழவில்லை.

இடது கால் மடிந்தது. கன்னம் தரையில் மோதியது. வலிக்கவில்லை. அந்தப் பக்கமே இல்லை. பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

போன் வலது கையில் இருந்தது. திரையில் நேரலை. அவர் இறங்கி வந்த அதே மேடை. இப்போது அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை. மேடையோரத்தில் மைக்செட்காரர் இன்னும் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். மேடை நடுவில் நின்று அவரேதான் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகவே பேசினார்.

கட்டைவிரல் ஒன்று அசைந்தது. பொத்தான் ஒன்று இருந்தது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

திரையில் இருந்தவர் ஒரு கணம் நின்றார். மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு நேராக இவரைப் பார்த்துச் சிரித்து, வலது உள்ளங்கையால் பட்டையை மூடிக்கொண்டார்.

"வீட்டுலேர்ந்து மணி அடிக்கிறாங்க" என்றார். "இன்னும் ஒரே ஒரு கதை."

அரங்கம் சிரித்தது. கட்டைவிரல் மறுபடியும் அழுத்தியது.